ராக் பாடகரா, காமெடியனா: வானொலி மைக்குக்கு முன்னால் யாரைப் பேசவைப்பது கடினம்?

ராக் இசைக்கலைஞர்களையும் ஸ்டாண்ட்-அப் காமெடியன்களையும் பேட்டி எடுக்கும் வானொலித் தொகுப்பாளர்களின் அனுபவம் எப்படி இருக்கும், இந்த இரண்டு கூட்டத்தில் யாரைச் சமாளிப்பது கடினம் என்று கேட்டிருக்கிறீர்கள். வானொலி நேர்காணல் தயாரிக்கும் வேலையில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் சில காலம் உட்கார்ந்திருக்கிறேன். அதைவிட அதிகமாக, மற்றவர்கள் எடுத்த பேட்டிகளைத் தேடித் தேடிக் கேட்டிருக்கிறேன். என் கணக்கில் இரண்டு பேருமே கடினம்தான். ஆனால் பேட்டி கெட்டுப்போகிற இடங்களைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கெடுத்தது தொகுப்பாளராக இருப்பார். பாடகர் எதிரே உட்கார்ந்தால் தொகுப்பாளருக்கு மௌனத்தின் மேல் பயம் வந்துவிடுகிறது. காமெடியன் எதிரே உட்கார்ந்தால் தானும் சிரிக்கவைத்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது.

விருந்தினர் எதற்காக வருகிறார் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். யாரும் மனம்விட்டுப் பேசுவதற்காக வானொலி நிலையத்துக்கு வருவதில்லை. பாடகருக்கு ஆல்பம் விற்க வேண்டும், காமெடியனுக்கு டிக்கெட் விற்க வேண்டும். பெரிய இசைக்குழு என்றால் ஆல்பத்தை வெளியிடும் லேபிள் நிறுவனத்தார் ஒரு முழு நாளை ஒதுக்கி, நிலையத்துக்குக் கால் மணி நேரம் என்று பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பாடகர் ஓட்டல் அறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். உங்கள் முறை வருவதற்குள், குழுவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்ற கதையை அவர் பத்துப் பேரிடமாவது சொல்லி முடித்திருப்பார். குரலிலேயே அது தெரியும். அந்தக் கேள்வியை நீங்களும் கேட்டால், டேப்பைத் திரும்ப ஓடவிட்ட மாதிரி பதில் வரும்.

டேப் என்பதை உண்மையிலேயே ஓடவிட்ட காலமும் உண்டு. 1964-ல் பீட்டில்ஸ் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டியபோது, கேபிடல் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் வானொலி நிலையங்களுக்கு ஒரு விளம்பர இசைத்தட்டு அனுப்பியது. அதில் பீட்டில்ஸின் பதில்கள் மட்டும் இருக்கும். கேள்வி வரவேண்டிய இடங்களில் இடைவெளி. தட்டோடு ஒரு தாளும் வரும், அதில் கேள்விகள் அச்சடித்திருக்கும். ஏதோ ஒரு சிற்றூரில் இருக்கும் தொகுப்பாளர் அந்தத் தாளைப் பார்த்துக் கேள்வியைப் படித்துவிட்டுத் தட்டை ஓடவிட்டால், கேட்பவருக்கு ஜான் லெனனே வந்து எதிரில் உட்கார்ந்து பதில் சொல்வதுபோல் இருக்கும். இன்றைக்கு இது மோசடி என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளம்பரச் சுற்றில் நடக்கும் பேட்டிகளில் பாதி இன்றும் இதே தட்டுதான். பதில் சொல்லும் ஆள் உயிரோடு எதிரில் இருக்கிறார் என்பது மட்டுமே வித்தியாசம்.

ராக் உலகத்தார் பேட்டிக்கு வரும்போது ஒரு வேஷத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்கள். இதற்கு நல்ல சாட்சி பாப் டிலன். 1962-ன் தொடக்கத்தில், முதல் ஆல்பம் வெளிவரும் முன்பே, நியூயார்க்கின் டபிள்யூபிஏஐ நிலையத்தில் சிந்தியா குடிங் என்ற நாட்டுப்புறப் பாடகி நடத்திய நிகழ்ச்சிக்கு வந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. ஊர் ஊராகப் போகும் கேளிக்கைக் குழுவோடு விட்டு விட்டு ஆறு வருடம் சுற்றியதாகக் கதை சொன்னார். அத்தனையும் கற்பனை. மினசோட்டாவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன் அவர். ஆனால் குடிங் அவரை மடக்கப் பார்க்கவில்லை. கதையை ரசித்துக் கேட்டார், நடுநடுவே பாடச் சொன்னார். அதனால்தான் அந்தப் பேட்டி இன்றும் கேட்கும்படி இருக்கிறது. ஓர் இளைஞன் தன்னையே புதிதாகக் கட்டிக்கொள்வது அதில் காதில் விழுகிறது. தேதி வாரியாகச் சரிபார்க்கும் தொகுப்பாளர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் உண்மை கிடைத்திருக்கலாம், டிலன் கிடைத்திருக்க மாட்டார்.

அடுத்த வருடம் சிகாகோவின் டபிள்யூஎஃப்எம்டி நிலையத்தில் ஸ்டட்ஸ் டெர்கெல் அவரைப் பேட்டி எடுத்தார். டெர்கெல் சாதாரண மனிதர்களைப் பேசவைப்பதில் பேர்போனவர். டேப் ரெக்கார்டரைச் சரியாக இயக்கத் தெரியாமல் அவர் தடுமாறுவார். அதைப் பார்த்து எதிரில் இருப்பவருக்குக் கூச்சம் போய்விடும் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். டிலனிடம் அவர், கடும் மழை பொழியப்போகிறது என்ற அவருடைய பாட்டில் வருவது அணுகுண்டு மழைதானே என்ற மாதிரி கேட்டார். அப்போது எல்லோரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். டிலன் மறுத்துவிட்டார். அணு மழையெல்லாம் இல்லை, அது வெறும் கடும் மழை என்றார். டெர்கெல் அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். பாட்டுக்குப் பொருள் கேட்டால் அநேகமாக எல்லா ராக் கலைஞர்களும் சுருங்கிவிடுவார்கள் என்பதற்கு இதைவிட மென்மையான உதாரணம் எனக்குத் தெரியாது.

மென்மை இல்லாத உதாரணம் 2007 அக்டோபரில் நடந்தது. ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு, தங்கள் ஆவணப்படம் ஒன்றை ஒட்டி, அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரின் காலை நிகழ்ச்சி ஒன்றுக்கு வந்தது. தொகுப்பாளர் லூக் பர்பேங்க். கேள்வி நீளமாகப் போகும், பதில் ஒரு சொல்லில் வரும். சில சமயம் அதுவும் வராது. தொகுப்பாளர் பதறிப்போய் அந்த இடைவெளியை இன்னொரு கேள்வியால் நிரப்புவார். அந்தக் கேள்வி முன்னதைவிட நீளமாக இருக்கும், பதில் முன்னதைவிடச் சுருங்கும். இணையத்தில் அது பரவி, மோசமான பேட்டிகளின் பட்டியலில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. திமிர் பிடித்தவர்கள் என்று குழுவைத் திட்டியவர்கள் நிறைய. நான் கேட்டவரை அங்கே திமிர் தெரியவில்லை. இசையே பேசட்டும் என்று வாழ்கிறவர்களை, தாய்மொழி அல்லாத மொழியில், காலை நேரத்து உற்சாகத்துக்கு நடுவே உட்காரவைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் யோசிக்க எடுத்துக்கொண்ட ஒவ்வொரு நொடியும் ஸ்டுடியோவில் விபத்தாகத் தெரிந்தது. வானொலிக்காரர்களுக்கு இது தொழில் வழியில் வரும் பயம். நிலையத்தில் சேர்ந்த நாளிலிருந்து, ஒலி நின்றால் கேட்பவர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கிறார்கள். அந்தப் பயத்தை மூன்று நொடி அடக்கினாலே போதும், எதிரில் இருப்பவர் பல நேரம் தானாகவே அடுத்த வாக்கியத்துக்குப் போவார். பேட்டியிலேயே சிறந்த வாக்கியம் அந்த இரண்டாவது வாக்கியமாகத்தான் இருக்கும்.

பாட்டின் பொருளைக் கேட்கக்கூடாது என்றால் வேறு எதைக் கேட்பது? கைவேலையைப் பற்றிக் கேளுங்கள். இந்த ஒலி எப்படி வந்தது, இந்தப் பாட்டை எந்த அறையில் பதிவு செய்தீர்கள், டிரம்ஸை ஏன் அவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள். வாயே திறக்காத கிட்டார் கலைஞர் ஆம்ப்ளிஃபயர் பற்றி அரை மணி நேரம் பேசுவார், பேச்சுவாக்கில் அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுவார். முடிந்தால் ஸ்டுடியோவுக்கு ஒரு கிட்டாரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மடியில் கிட்டார் இருக்கும் ஆள் வேறு ஆள்.

அல்லது பழைய இசைத்தட்டுகளைக் கொடுத்துவிடுங்கள். 1974 செப்டம்பர் 28 அன்று நியூயார்க்கின் டபிள்யூஎன்இடபிள்யூ-எஃப்எம் நிலையத்தில் இது நடந்தது. டென்னிஸ் எல்சாஸ் என்ற தொகுப்பாளர் சில வாரங்களுக்கு முன் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் ஜான் லெனனைச் சந்தித்தபோது, எங்கள் நிலையத்துக்கும் ஒருநாள் வாருங்கள் என்று சும்மா கூப்பிட்டு வைத்திருந்தார். லெனன் உண்மையிலேயே வந்து நின்றார், கையில் சில தட்டுகளோடு. புது ஆல்பம் வெளிவந்திருந்த நேரம், விளம்பரம் தேவைதான். ஆனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அவரே தொகுப்பாளர் மாதிரி நடந்துகொண்டார். வானிலை அறிக்கை வாசித்தார். உள்ளூர்க் கடைகளின் விளம்பரங்களைக்கூட தன் குறும்போடு வாசித்துக் கொடுத்தார். நடுநடுவே பீட்டில்ஸ் பற்றி வந்து விழுந்த தகவல்கள், முறைப்படி உட்காரவைத்துக் கேட்டிருந்தால் வந்திருக்குமா என்பது சந்தேகம். எல்சாஸ் செய்த பெரிய காரியம் வழிவிட்டதுதான். தன் நாற்காலியை விருந்தினருக்கு விட்டுக்கொடுக்க எத்தனை தொகுப்பாளர்களுக்கு மனம் வரும்?

லெனன் பேட்டி என்றால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1980 டிசம்பர் 8 மதியம், ஆர்கேஓ வானொலியின் டேவ் ஷோலின் தன் குழுவோடு அவருடைய நியூயார்க் வீட்டில் நீண்ட பேட்டி எடுத்தார். முடிந்ததும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போக லெனனுக்கு வண்டி தேவைப்பட, வானொலிக் குழுவின் காரிலேயே ஏறிக்கொண்டார். அன்றிரவு சுட்டுக்கொல்லப்பட்டார். விளம்பரத்துக்காக எடுத்த பேட்டி ஒரே இரவில் வரலாற்று ஆவணம் ஆனது. டேப்பை எப்போதும் பத்திரப்படுத்த வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இந்த மாதிரி நாட்கள்தான்.

விருந்தினர் எழுந்து போய்விடுவதும் நடக்கும். பிலடெல்பியாவின் டபிள்யூஹெச்ஒய்ஒய் நிலையத்தில் 1975 முதல் நேர்காணல் செய்துவரும் டெர்ரி கிராஸ், கேள்வி அந்தரங்கமாகப் போனால் சொல்லுங்கள், வேறு விஷயத்துக்குப் போய்விடலாம் என்று விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார். பெரும்பாலான பேட்டிகளில் விருந்தினர் வேறு ஊர் ஸ்டுடியோவில் இருப்பார், முகம் தெரியாது, குரல் மட்டும்தான். இவ்வளவு பக்குவத்துக்குப் பிறகும் ராக் பாடகர் லூ ரீட் சில நிமிடங்களிலேயே பேட்டியை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். 2002 பிப்ரவரியில் கிஸ் குழுவின் ஜீன் சிம்மன்ஸ் வந்தபோது நேர்மாறான தொல்லை: அவர் போகவில்லை, கடைசிவரை உட்கார்ந்து ஆபாசமாகச் சீண்டிக்கொண்டே இருந்தார். கிராஸ் கத்தவில்லை, அசடு வழியவும் இல்லை. இதெல்லாம் மேடைக்காகப் போட்ட வேஷம், வீட்டில் நீங்கள் இவ்வளவு மோசமாக இருக்க மாட்டீர்கள் என்று நம்பவே விரும்புகிறேன் என்ற பொருளில் நிதானமாகச் சொன்னார். பிறகு அந்த ஒலிப்பதிவை இணையத்தில் போட சிம்மன்ஸ் அனுமதிக்கவில்லை. கிராஸ் தன் நேர்காணல் தொகுப்பு நூலில் அதை எழுத்து வடிவில் சேர்த்துவிட்டார். தொகுப்பாளர் கோபப்படாமல் இருந்தால் விருந்தினரின் நடத்தை கேட்பவருக்குத் தெளிவாகத் தெரியும் என்பதற்கு அது பாடம் மாதிரி இருக்கிறது.

2009 ஏப்ரலில் கனடாவின் சிபிசி வானொலியில் நடந்தது வேறு ரகம். நடிகர் பில்லி பாப் தோர்ன்டன் தன் இசைக்குழுவோடு வந்திருந்தார். நடிப்பு பற்றிய பேச்சே வேண்டாம் என்று முன்பே கேட்டிருந்தார்களாம். தொகுப்பாளர் அறிமுகத்திலேயே அவரது சினிமா வாழ்க்கையைக் குறிப்பிட்டுவிட்டார். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றே புரியவில்லை என்கிற பாணியில் பதில். போதாக்குறைக்குக் கனடாவின் ரசிகர்களை குழம்பு ஊற்றாத மசித்த உருளைக்கிழங்கு என்றும் சொல்லிவைத்தார். அடுத்த சில நாட்களில் குழு கனடாவில் மீதமிருந்த நிகழ்ச்சிகளை விட்டுவிட்டுத் திரும்பியது. தோர்ன்டன் நடந்துகொண்டது சிறுபிள்ளைத்தனம், சந்தேகமில்லை. ஆனாலும் ஓர் ஒப்பந்தம் இருந்திருந்தால் அதைக் காப்பாற்ற வேண்டும், அல்லது உங்கள் நிபந்தனைக்கு ஒத்துவர முடியாது என்று பேட்டிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. மைக் திறந்த பிறகு விருந்தினருக்கு அதிர்ச்சி கொடுப்பது எனக்குப் பிடிக்காத வித்தை.

ஒரே ஒரு வகை அதிர்ச்சிக்கு விலக்கு உண்டு, முன்தயாரிப்பின் அதிர்ச்சி. வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சிஐடிஆர் நிலையத்தில் 1987 முதல் நிகழ்ச்சி நடத்திவரும் நார்ட்வார் இதில் மன்னர். விருந்தினர் சின்ன வயதில் கேட்ட ஏதோ ஒரு அரிய இசைத்தட்டைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கையில் கொடுப்பார். இது உனக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் வாய்பிளப்பதுதான் பேட்டியின் தொடக்கம். கத்தல் குரலும் கோமாளித் தொப்பியும் எல்லோருக்கும் பிடிக்காது. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பாருங்கள்.

பிபிசியின் ஜான் பீல் இதற்கு எதிர்த்துருவம். 1967 முதல் 2004-ல் இறக்கும்வரை ரேடியோ 1-ல் இருந்த அவர், குழுக்களைப் பேசவைப்பதைவிட வாசிக்கவைத்தார். ஒரே நாளில் பெரும்பாலும் நான்கு பாடல்களைப் பதிவு செய்யச் சொல்வார்கள், 4,000-க்கு மேற்பட்ட அமர்வுகள் அப்படி நடந்தன. சில கலைஞர்களிடம் அதுதான் சரியான நேர்காணல்.

இனி காமெடியன்கள். அமெரிக்காவில் ஸ்டாண்ட்-அப் கலைஞருக்கு வானொலி என்றால் காலை நிகழ்ச்சி. வியாழன் முதல் ஞாயிறு வரை ஓர் ஊர் கிளப்பில் மேடை ஏறுவார், அதற்கு டிக்கெட் விற்க வியாழனோ வெள்ளியோ விடிகாலையில் நிலையத்துக்கு வர வேண்டும். முதல் நாள் நள்ளிரவு தாண்டி வேறு ஊரில் மேடையை விட்டு இறங்கியவராக இருப்பார். காலை ஆறேழு மணிக்குச் சிரிக்கவைக்க வேண்டும், அதுவும் கூட்டமே இல்லாத அறையில். இண்டியானாபொலிஸில் 1983-ல் தொடங்கி 1995 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பான பாப் அண்ட் டாம் நிகழ்ச்சி போன்றவை நடுத்தரக் காமெடியன்களுக்குப் பிழைப்பையே கொடுத்தன. அங்கே நன்றாக ஒரு கால் மணி நேரம் பேசிவிட்டால் வார இறுதி அரங்கு நிறையும்.

இந்தக் காலைப் பேட்டிகளில் கேட்பவருக்குத் தெரியாத ஒரு ஏற்பாடு உண்டு. காமெடியன் முன்கூட்டியே ஒரு தாள் கொடுத்திருப்பார்: நாய் வளர்க்கிறீர்களாமே என்று கேளுங்கள், உங்கள் பாட்டி கார் ஓட்டுவாராமே என்று கேளுங்கள். தொகுப்பாளர் யதார்த்தமாகக் கேட்பதுபோல் கேட்பார். அந்தச் சாவியைத் திருப்பியதும் மேடையில் மெருகேறிய ஐந்து நிமிடம் அப்படியே வந்து கொட்டும். நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவரின் வேலை தொகுப்பாளருக்கு. சுருதி விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், ராகம் தன்னுடையது என்று நினைத்துவிடக்கூடாது. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காமெடியன் ஜோக்கின் முடிச்சை அவிழ்க்க ஒரு மூச்சு எடுக்கும் இடத்தில், தொகுப்பாளர் புகுந்து அந்த முடிவைத் தானே ஊகித்துச் சொல்லிவிடுவார். கேட்பவர் சிரிப்பார் என்று நினைப்பு. எதிரில் இருப்பவர் முகம் போகும் போக்கு வானொலியில் தெரியாது.

பாஸ்டனில் 1946-ல் இணைந்த பாப் எலியட், ரே கோல்டிங் ஜோடி இதையே நகைச்சுவை நாடகமாக ஆக்கியது. வானொலிப் பேட்டியைக் கேலி செய்வதையே தொழிலாக வைத்திருந்த இரண்டு பேர். அவர்களுடைய புகழ்பெற்ற ஒரு காட்சியில், மெதுவாகப் பேசுவோர் சங்கத்தின் தலைவர் பேட்டிக்கு வருவார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே நீண்ட இடைவெளி. பேட்டி எடுப்பவரால் பொறுக்க முடியாமல் அடுத்த சொல்லைத் தானே எடுத்துக் கொடுப்பார், தப்பாக எடுத்துக் கொடுப்பார், கடைசியில் வெறிபிடித்த நிலைக்குப் போவார். மௌனத்துக்கு அஞ்சும் தொகுப்பாளரை இதைவிடக் கச்சிதமாக யாரும் படம் பிடித்ததில்லை. நேர்காணல் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது இதைத்தான்.

காமெடியனுக்குச் சிரிப்பு வேண்டும், அது தண்ணீர் மாதிரி அடிப்படைத் தேவை. மேடையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே கூட்டத்தின் சிரிப்புதான் தாளம். ஸ்டுடியோவில் அது கிடைக்காதபோது அவர் வேகம் கூட்டுவார், குரல் உயர்த்துவார், ஏற்கெனவே சொன்னதையே இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்ப்பார். சான் பிரான்சிஸ்கோவில் 1980-களில் அலெக்ஸ் பென்னட் இதற்கு ஒரு வழி கண்டார். தன் காலை நிகழ்ச்சிக்கு ஸ்டுடியோவிலேயே பார்வையாளர்களை உட்காரவைத்தார், ஊரில் இருந்த காமெடியன்கள் வரிசையாக வந்து விளையாடினார்கள். அப்படி வசதி இல்லாத இடங்களில் தொகுப்பாளர் சிரிக்க வேண்டும், உண்மையாகச் சிரிக்க வேண்டும். மரியாதைக்குச் சிரிக்கும் சிரிப்பு மைக்கில் அப்பட்டமாகக் காட்டிக்கொடுத்துவிடும். சிரிப்பு வராத இடத்தில் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டுவிடுவது மேல்.

தாளில் எழுதிக் கொடுத்ததெல்லாம் தீர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் ருசியான பகுதி. வணிக எஃப்எம்மில் அதற்கு நேரமே வராது. விளம்பர இடைவேளை, பாட்டு, செய்தி என்று பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 2009 செப்டம்பரில் மார்க் மேரன் தொடங்கிய பாட்காஸ்ட் இதை மாற்றியது. ஏர் அமெரிக்கா வானொலியில் வேலை போன காமெடியன் அவர். வேலை போன பிறகும் இரவில் அந்த ஸ்டுடியோவுக்குள் புகுந்துதான் முதல் பகுதிகளைப் பதிவு செய்தார். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டு கார் கொட்டகைக்கு மாறினார். கடிகாரம் இல்லை, தணிக்கை இல்லை. முதலில் தன் தோல்விகளைப் பேசுவார், எதிரில் இருப்பவர் தானாகத் தன்னுடையதை எடுத்து வைப்பார். 2010-ல் நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் பேசிய பகுதியைக் கேளுங்கள். தொலைக்காட்சியில் பார்த்த புயல் வேகக் குரல்கள் மெல்ல அடங்கி, குடியையும் பயத்தையும் பற்றி நிதானமாகப் பேசும் ஒரு மனிதர் வெளியே வருகிறார். 2025 அக்டோபரில் மேரன் அந்த நிகழ்ச்சியை முடித்துக்கொண்டார்.

அதே வில்லியம்ஸ் தொடர்பாக அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் ஹாவர்ட் ஸ்டெர்ன் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1990-களின் தொடக்கத்தில் வில்லியம்ஸ் தன் நிகழ்ச்சிக்கு வந்தபோது, அவர் திருமண விவகாரத்தையே திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருந்ததாக ஸ்டெர்ன் பின்னாளில் வருந்தினார். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தாராம். 2014-ல் வில்லியம்ஸ் இறந்துவிட்டார். அந்தக் காலத்து ஸ்டெர்னுக்கு விருந்தினர் என்பவர் தன் நகைச்சுவைக்குக் கச்சாப்பொருள். பிற்காலத்து ஸ்டெர்ன், செயற்கைக்கோள் வானொலியில், ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுமையாகக் கேட்கும் ஆளாக மாறினார். இரண்டு காலகட்டத்துப் பேட்டிகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், தானே வேடிக்கை காட்டும் ஆசை குறையக் குறைய விருந்தினர் பேசும் நேரம் கூடுவது தெரியும்.

காமெடியனை நேரலையில் அழைப்பதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. 1973 அக்டோபர் 30 மதியம் இரண்டு மணிக்கு, டபிள்யூபிஏஐ நிலையம் காமெடியன் ஜார்ஜ் கார்லின் கெட்ட வார்த்தைகளை அலசும் ஒலிப்பதிவு ஒன்றை ஒலிபரப்பியது. காரில் மகனோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் கேட்டுவிட்டுப் புகார் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1978 ஜூலையில் 5-க்கு 4 என்ற கணக்கில் நிலையத்துக்கு எதிராகத் தீர்ந்தது. பகலில் இத்தகைய பேச்சைக் கட்டுப்படுத்த அரசு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றானது. இரவு 10 முதல் காலை 6 வரை மட்டும் தளர்வு என்ற விதி பிற்பாடு நிலைத்தது. 2006-ல் அபராதத்தின் உச்சவரம்பைப் பத்து மடங்காக்கி, மீறல் ஒன்றுக்கு 3,25,000 டாலர் ஆக்கினார்கள். ஸ்டெர்ன் அந்த ஆண்டு ஜனவரியில் இந்த விதிகள் செல்லாத செயற்கைக்கோள் வானொலிக்கு இடம்பெயர்ந்ததற்கு, பணத்தோடு சேர்த்து இந்தக் கட்டுப்பாடுகளும் காரணம்.

அதனால்தான் நேரலை ஸ்டுடியோக்களில், பேச்சைச் சில நொடி தள்ளி ஒலிபரப்பும் தாமதக் கருவி இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு டேப் இயந்திரத்தில் பதிந்த நாடாவை அப்படியே இழுத்துச் சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு இயந்திரத்தில் ஒலிக்கவைப்பார்கள்; நாடா போகும் தூரமே தாமதம். 1970-களின் பிற்பகுதியில் ஈவென்டைட் நிறுவனம் இதை டிஜிட்டல் பெட்டியாக்கியது. பொத்தானை அழுத்தினால் கடைசிச் சில நொடிகள் காணாமல் போகும். பிறகு பேச்சிலுள்ள இடைவெளிகளைக் காதுக்குத் தெரியாமல் நீட்டி நீட்டி, இழந்த தாமதத்தைக் கருவியே திரும்பச் சேர்த்துக்கொள்ளும். காமெடியன் வந்த நாளில் தயாரிப்பாளரின் விரல் அந்தப் பொத்தானை விட்டு நகராது. ராக் பாடகர்கள் வாய் தவறித் திட்டுவார்கள், காமெடியன் தெரிந்தே எல்லையை உரசிப் பார்ப்பார்.

பொத்தான் இருந்தும் பயனில்லாத சந்தர்ப்பம் ஒன்று. 2008 அக்டோபரில் பிபிசி ரேடியோ 2-ல் காமெடியன் ரஸ்ஸல் பிராண்டும் தொகுப்பாளர் ஜோனதன் ராஸும் மூத்த நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸின் தொலைபேசியில் அவருடைய பேத்தி பற்றி ஆபாசமான செய்திகளைப் பதிவுசெய்து விளையாடினார்கள். அது நேரலையே அல்ல, முன்பதிவு. வெட்டியெறிய நேரம் இருந்தும் ஒலிபரப்பானது. பிராண்ட் வெளியேறினார், நிலையத் தலைமையில் இருந்தவரும் பதவி விலகினார், ஒழுங்குமுறை ஆணையம் பிபிசிக்கு 1,50,000 பவுண்டு அபராதம் போட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சிரிக்கவைக்கப் போட்டி போட்டார்கள், ஒத்து ஊத அறையில் ஆள் இல்லை.

இருவரில் யார் கடினம் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். காலை நேரத்தில் பத்து நிமிடம் என்றால் காமெடியன் வரப்பிரசாதம், பாடகர் தலைவலி. ஒரு மணி நேரம் என்றால் நிலைமை தலைகீழ். பாடகருக்கு முதல் இருபது நிமிடம்தான் இறுக்கம். பிறகு இசை பற்றிய பேச்சு அவரை இழுத்துக்கொண்டு போகும். காமெடியன் ஒவ்வொரு கேள்வியையும் ஜோக்காக மாற்றித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பார். அதைச் சிரித்துக்கொண்டே கடந்து, ஜோக்குக்கு முந்தைய சம்பவத்தை மட்டும் பிடித்து, அப்போது வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்கத் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால் இந்த ஒரு மணி நேரக் காமெடியன்தான் கடினம்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். டெர்கெலின் நிகழ்ச்சிகளுக்கு 2018-ல் இணையக் காப்பகம் திறந்திருக்கிறார்கள். மொத்தம் 5,000-க்கு மேல், அவற்றில் ஏராளமானவற்றை இலவசமாகக் கேட்கலாம். டிலனின் 1963 பேட்டியை முதலில் கேளுங்கள். பிறகு லெனனின் 1974 ஒலிபரப்பு, மேரனின் வில்லியம்ஸ் பகுதி. சிகுர் ரோஸைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் கேட்பது சிரமம்.